‘மலிவுப் பெட்டி’ செய்தவர்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மலரில் வெளிவந்த ஒலிப்பதிவு வரலாற்றுக் கட்டுரையில், எடிசனுக்குப் படத்தோடு அரைப்பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், 2010இல் காலமான கீத் பாரை ‘வீடியோ நாடாவில் பாட்டுப் பதியும் மலிவுப் பெட்டி ஒன்றைச் செய்தவர்’ என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டுக் கைத்தொலைபேசிக்குத் தாவியிருந்தார். அந்த வாக்கியத்தை நான் மூன்று முறை வாசித்தேன்.

தாங்கள் அறியாததல்ல, ஆயினும் கட்டுரையாளருக்காகச் சொல்கிறேன். அந்தப் பெட்டியின் பெயர் அடாட். 1984இல் அலெசிஸ் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய பார் அதனை 1991இல் அறிமுகப்படுத்தினார். மறு ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. எட்டுத் தடங்களை, அதாவது தனித்தனியே பதியும் எட்டு ஒலிகளை, ஒவ்வொன்றையும் செக்கனுக்கு 48,000 தடவை அளந்து 16 பிற் (0 அல்லது 1 என்ற இலக்கம்) கொண்ட எண்களாக எழுதுவதாயின், செக்கனுக்கு 60 லட்சத்துக்கு மேற்பட்ட பிற்றுகள் நாடாவில் இறங்கவேண்டும். நம் வீட்டுக் கசெற் ரெக்கோடரில் நாடாவில் எழுதும் அசையாத தலைக்கு அது ஆகிற காரியமன்று. வீடியோ டெக்கின் தலையோ சுழன்றபடியே நாடாவில் சாய்கோடுகளாக எழுதுவது. வேண்டிய வேகம் உலகெங்கும் வரவேற்பறைகளில் ஏற்கனவே சுழன்றுகொண்டிருந்ததைக் கண்டுபிடித்ததே அம்மனிதரின் கெட்டித்தனம். 24 தட டிஜிட்டல் பொறி லட்சம் டொலரைத் தாண்டி விற்ற நாளில், 4,000 டொலருக்குள் எட்டுத் தடம் தந்தார். மூன்று பெட்டிகளை இணைத்தால் 24 தடங்கள், பதினாறை இணைத்தால் 128. இதற்கு மலிவு என்று பெயரிட்டவர் எந்த ஸ்ரூடியோவுக்கும் மணிக்கணக்கில் வாடகை கட்டியிராதவராகத்தான் இருக்கவேண்டும்.

1997இல் கனடாவிலிருந்து என் மைத்துனர் அனுப்பிய பழைய அடாட் ஒன்றை வைத்து, உவர்மலையில் எங்கள் முன்னறைச் சுவரெல்லாம் மெத்தைகளைச் சாய்த்து, முதிய பாடகர் ஒருவரின் குரலில் கோணமலைப் பதிகத்தைப் பதிவு செய்தேன். வயலினும் மிருதங்கமும் வேறு வேறு நாட்களில் வந்தன; தம்புராவுக்குத் தனித் தடம். இடையில் மின்வெட்டு வந்தபோது, மின்சாரம் திரும்பியதும் அறுந்த இடத்திலிருந்து ஒரு தடத்தை மட்டும் மீண்டும் எடுத்தோம், ஏனையவை தொடப்படவில்லை. 2004 டிசம்பரில் கடல் அப்பாடகரின் வீட்டுக்குள் புகுந்து அவருடைய கசெற்றுகளையெல்லாம் கொண்டுபோனது. என் அலுமாரியில் இருந்த நாடாவிலிருந்து அவருக்குப் புதுப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். எண்ணுக்கு எண் அப்படியே இறங்கிய பிரதி அது. கசெற்றிலிருந்து கசெற்றுக்கு எடுக்கும்போது கூடிக்கொண்டே போகும் இரைச்சல் அதில் இல்லை.

அப்பதிவு இறுவட்டாக வந்தபோது தங்கள் இதழே மதிப்புரை எழுதியது. பாடகரும் பக்கவாத்தியக்காரரும், அட்டைப்படம் கீறிய தம்பியும்கூடப் பெயரோடு பாராட்டப்பட்டார்கள். ஒலி ‘தெளிவாக அமைந்துள்ளது’ என்றிருந்தது, தானாக அமைந்ததாக்கும். அது குறித்து நான் எழுதிய கடிதம் தங்கள் மேசைக்கு வந்து சேரவில்லைப் போலும். அதற்கும் முன்பு, திருவிழாச் செய்தியொன்றில் ஒலிப்பதிவாளர்கள் மூவரை ‘மைக் செற்காரர்’ என்று எழுதியிருந்தீர்கள். அதையும் பொறுத்தோம்.

அடாட் குறையற்ற கருவி என்று நான் வாதிட வரவில்லை. நாற்பது நிமிடத்தில் நாடா முடிந்துவிடும். நாடாவை ஆயத்தப்படுத்தாவிட்டால் பதிய மறுக்கும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் தலையைத் துடைத்தே என் விரல்கள் தேய்ந்தன. ஆனால் நாடா ஒழிந்து இத்தனை ஆண்டாகியும், எட்டுத் தடங்களை ஒரே ஒளியிழையில் கடத்த அலெசிஸ் வகுத்த முறை இன்றைய ஒலிப்பதிவுக் கருவிகள் பலவற்றின் பின்புறத்தில் அடாட் என்ற அதே பெயரோடு இருக்கிறது. தங்கள் காரியாலயத்தில் காணொளி எடுப்பவரின் மேசையிலும் ஒன்று இருக்கக்கூடும். திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் வேண்டுவது பெரிதன்று. அந்த வாக்கியத்துக்கு இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். இனி வரும் இறுவட்டு மதிப்புரைகளில் ‘ஒலிப்பதிவு’ என்று எழுதி, அதனருகே ஒரு பெயரையும் சேருங்கள். இடப்பற்றாக்குறையால் இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், என் கதையை வெட்டலாம். கீத் பாரின் பெயரை மட்டும் விட்டுவையுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.