ஜூலியா மாலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அக்காக்கள், அண்ணன்கள், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின நடிகையும் பாடகியுமான டயான் கேரலுக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம் என்று நான் பேச்செடுத்தபோது, "யாரும்மா அது?" என்று கேட்டவர்கள்தான் நம்மில் பாதிப்பேர். அப்படிக் கேட்டவர்களே வந்து நாற்காலி போட்டீர்கள், சுண்டல் தாளித்தீர்கள், கடைசியில் கூடத்தைப் பெருக்கியும் கொடுத்தீர்கள். மேடையில் நின்று பேர் பேராக நன்றி சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் நேரம் முடிந்துவிட்டது என்று நூலகத்தில் விளக்கை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் இந்த மடல். பேர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பேரையும் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி, எங்கள் வார்டில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூத்த நர்ஸுக்கு. நியூ ஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி. நாங்கள் "அம்மா" என்று கூப்பிட, அவரும் "என்னம்மா" என்று திருப்பிக் கேட்கப் பழகிவிட்டார். அன்று கைப்பைக்குள்ளிருந்து பழைய துண்டில் சுற்றிய ஒரு பொம்மையை எடுத்து மேசையில் வைத்தாரே, கூடமே எழுந்து வந்து பார்த்தது. மேட்டல் நிறுவனம் 1969-இல் போட்ட ஜூலியா பொம்மை அது. வெள்ளை நர்ஸ் உடுப்பு, தலையில் குட்டித் தொப்பி. தொப்பியின் ஓரம் பழுப்பேறியிருந்தது, ஒரு காலில் செருப்பைக் காணோம். "கடையில் என் நிறத்தில் பொம்மை கிடைப்பதே அபூர்வம். அதிலும் வேலைக்குப் போகிற பொம்மை!" என்றார்.

அவர் பேசியது அவசர அவசரமாக முடிந்துபோனதால், விட்டுப்போன பின்கதையை இங்கே எழுதிவிடுகிறேன். 'ஜூலியா' தொடர் என்.பி.சி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1968 செப்டம்பர் 17 அன்று தொடங்கியது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன் அமெரிக்கத் தொடர்களில் கறுப்பினப் பெண் நாயகியாக வந்தாலும், இன்னொருவர் வீட்டுச் சமையலறையில்தான் நிற்க வேண்டியிருந்தது. 'ஜூலியா'வில் டயான் கேரல் படித்த நர்ஸாக, வியட்நாம் போரில் கணவனைப் பறிகொடுத்து மகனைத் தனியாக வளர்க்கும் அம்மாவாக வந்தார். மூன்று பருவம், 86 பகுதிகள். 1969-இல் கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது.

பொம்மை கொண்டுவந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். அவர் வீட்டில் தங்கைமார் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிட, அண்ணன் மட்டும் வாசற்படியில் நின்றுகொண்டு "இந்த மாதிரி வீடு நம்ம தெருவில் எங்கே இருக்கு, காட்டு பார்ப்போம்" என்று கேட்பாராம். அந்தக் கேள்வியை அன்று பலரும் கேட்டார்கள். தெருவெல்லாம் பற்றி எரியும்போது ஜூலியாவின் வீட்டில் மட்டும் எல்லாம் பளபளவென்று இருக்கிறதே, குடும்பத்தில் அப்பா என்று ஒருவர் இல்லையே என்று விமர்சனம் எழுந்தது. டயான் கேரலும் அதை மறுக்கவில்லை, தொடரின் குறையைப் பேட்டிகளில் வெளிப்படையாகவே பேசினார். அண்ணன் கேட்டதும் நியாயம், தங்கைகள் உட்கார்ந்து பார்த்ததும் நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

முதல் பகுதியின் தொலைபேசிக் காட்சியைத் தமிழில் நடித்துக் காட்டிய இரண்டு பேருக்கும் தனியாக ஒரு கும்பிடு. வேலை கேட்டுப் பேசும் ஜூலியா, நேரில் போய் நின்ற பிறகு சங்கடம் வரக்கூடாது என்று தன் நிறத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். மறுமுனையில் இருக்கும் கிழட்டு டாக்டர், "பிறந்ததிலிருந்தே அப்படித்தானா, இல்லை நாகரிகத்துக்காகவா?" என்று கேட்கிறார். டாக்டராக நடித்த அண்ணன், நிஜ வாழ்க்கையில் வங்கி ஊழியர், அந்த வரியை முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார். முதல் நேர்காணலுக்குப் பயந்து பயந்து போன நினைப்பில் நம் நர்ஸுகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் மறக்கமாட்டேன்.

படங்களைத் திரையில் ஓட்டிய கல்லூரித் தம்பிக்கு நன்றி. அவன் பேச்சைப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். டயான் கேரல் நியூயார்க்கில் 1935-இல் பிறந்தவர், அப்பா சுரங்க ரயிலில் நடத்துநர், அம்மா நர்ஸ் என்று அவன் சொன்னதும் பின்வரிசையில் ஒரு கைதட்டல் கேட்டது. யார் தட்டியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்! சின்ன வயதில் அவரை வட கரோலைனாவில் உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். ஒரு வருடம்போலப் பிரிந்திருந்த அந்தக் காயத்தைப் பற்றி முதுமையிலும் அவர் எழுதினார். பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு இங்கே இரவுப் பணி பார்த்தவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அந்த இடத்தில் தம்பி வேகமாக அடுத்த படத்துக்குப் போனது நல்லதாகப் போயிற்று.

இன்றைக்கு சூப்பர் சிங்கர் பார்க்கிற பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி, பதினெட்டு வயதில் அவர் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வாராவாரம் ஜெயித்த கதையையும் சொன்னான். 1954 தொடக்கத்தில் நடந்தது அது. அதே வருடம் சினிமா, அதே வருடம் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை.

கீபோர்டு வாசித்த அண்ணனுக்கும், பாடிய தங்கைக்கும் என்ன சொல்ல? மைக் பாதியிலே கழுத்தை அறுத்தது. தங்கை அசரவில்லை, இரண்டடி முன்னால் வந்து நின்று வெறும் குரலில் பாடி முடித்தாள். பிறகு அண்ணன் சொன்ன செய்தி பலருக்குப் புதிது. டயான் கேரல் தேர்ந்த பாடகி. ஆனாலும் 1959-இல் வந்த 'போர்கி அண்ட் பெஸ்' படத்தில் அவர் வாயசைக்கும் தாலாட்டுப் பாடலைப் பாடியது லூலி ஜீன் நார்மன் என்ற வெள்ளைக்காரப் பாடகி. ஸ்தாயி ஒத்துவரவில்லையாம். பின்னணிக் குரலிலேயே வளர்ந்த நமக்கு இரவல் குரல் பெரிய விஷயமில்லை. ஆனால் பாடத் தெரிந்தவரை நிறுத்திவைத்து வாயசைக்க விட்டால் மனசு எப்படி இருக்கும்? அதற்கு வட்டியும் முதலுமாகப் பதில் கிடைத்தது 1962-இல். இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் அவரை மனதில் வைத்தே 'நோ ஸ்ட்ரிங்ஸ்' என்ற இசை நாடகத்தை உருவாக்கினார். பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதை, இசை நாடக நாயகிக்காக வாங்கிய முதல் கறுப்பினப் பெண் ஆனார் டயான் கேரல்.

இப்போது, நான் மேடையில் சொல்லியே தீரவேண்டும் என்று வைத்திருந்து சொல்ல முடியாமல் போனதற்கு வருகிறேன். உதவியவர்களுக்கு நன்றி சொல்லும் மடலில் நடிகை டயானா சாண்ட்ஸ் பேரைச் சொல்லாவிட்டால் அது முழுமையாகாது.

'க்ளாடீன்' என்றொரு படம். நியூயார்க்கில் கறுப்பினத்தவர் நிறைய வாழும் ஹார்லெமில், ஆறு பிள்ளைகளோடு, அரசு உதவித்தொகையில் காலம் தள்ளும் அம்மாவின் கதை. உதவித்தொகை பறிபோய்விடும் என்பதால், அவள் வெளியே வீட்டுவேலை பார்ப்பதையும் மறைக்க வேண்டும், வீட்டுக்கு ஒரு ஆண் வந்துபோவதையும் மறைக்க வேண்டும். அரசு அதிகாரி வருகிறார் என்றதும் மின்சாதனங்களைத் தூக்கி ஒளித்து வைக்கிற வீடு அது. அந்த வேடத்துக்கு முதலில் முடிவானவர் டயானா சாண்ட்ஸ். படப்பிடிப்பு நேரத்தில் புற்றுநோய் முற்றிவிட்டது. என்னால் முடியாது என்று ஒதுங்கியதோடு அவர் நிற்கவில்லை, இந்த வேடத்தை டயான் கேரலுக்குக் கொடுங்கள் என்று தானே பரிந்துரைத்தார். அவர் இறந்தது 1973 செப்டம்பரில், வயது 39. படம் 1974-இல் வெளிவந்தது. சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் டயான் கேரல் பேர் வந்தது.

பட்டும் வைரமுமாகப் பார்த்துப் பழகிய நடிகை, குப்பைக்கூடையும் அழுக்குத்துணியுமாக வந்து நிற்பார் என்று தயாரிப்பாளர்கள் யாராவது தாமாக யோசித்திருப்பார்களா? சந்தேகம்தான். படுக்கையில் கிடந்த ஒரு தோழிக்கு அது தெரிந்திருக்கிறது. என்னைக் கேட்டால் டயான் கேரலின் நடிப்பில் முதலிடம் 'க்ளாடீனு'க்குத்தான், 'ஜூலியா'வுக்கு அல்ல. பொம்மை அம்மா சண்டைக்கு வந்தாலும் சரி.

'டைனஸ்டி' தொடரில் 1984 முதல் 1987 வரை அவர் செய்த டொமினிக் டெவரோ வேடத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசியாயிற்று. நல்லவளாகவே நடிக்கச் சொன்ன ஊரில் திமிர்பிடித்த பணக்காரியாக வந்து ஒரு கை பார்த்தார். புடவைக் கடை அக்கா அந்தத் தோள்பட்டைச் சட்டைகளை அலசியது நிகழ்ச்சியிலேயே நீளமான பகுதி. இருந்தாலும் யாரும் எழுந்து போகவில்லை, அதற்கும் நன்றி.

புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் நம் சகோதரிக்கு நன்றி சொல்லாமல் முடிக்க முடியாது. டயான் கேரலுக்கு 1990களில் மார்பகப் புற்றுநோய் வந்தது. மூடி மறைக்காமல் ஊரறியப் பேசி, மற்ற பெண்களையும் பரிசோதனைக்குப் போகச் சொன்னார். 2019 அக்டோபர் 4 அன்று 84 வயதில் காலமானார். சகோதரி இதைச் சொல்லிவிட்டு, மேமோகிராம் எடுக்க நாள் குறிக்காதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றதும் முன்வரிசையில் எல்லோரும் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தோமே! விடவில்லையே அவர். சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பேசி, நாள் குறிக்க எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். தயிர்சாதத் தட்டோடு நின்ற என்னையும் பிடித்துவிட்டார். நானும் குறித்துவிட்டேன்.

இன்னும் சிலர் பாக்கி. இரவுப் பணி முடித்துத் தூங்காமல் நேராகக் கூடத்துக்கு வந்து வாழை இலை கழுவிய இரண்டு தங்கைகள். வயதானவர்களைக் காரில் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய்விட்ட தம்பிமார். பிள்ளைகளை ஓர் ஓரமாக உட்கார்த்தி வைத்து வரையச் சொல்லி, நாங்கள் நிம்மதியாகப் பாட்டுக் கேட்கும்படி பார்த்துக்கொண்ட பாட்டி. நிகழ்ச்சி எதற்கு என்றுகூடக் கேட்காமல் கூடத்தைக் கொடுத்த நூலகத்தார். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அப்புறம் ஒரு சமாச்சாரம். சுண்டல் வந்த பெரிய எவர்சில்வர் தூக்கும், மூடியில்லாத இரண்டு சம்படங்களும் என் வீட்டில் இருக்கின்றன. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் 'க்ளாடீன்' படத்தையே போடலாமா என்று பேச்சு அடிபடுகிறது. வேண்டாம் என்பவர்கள் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடவும்.