ஃபார்மட் போடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

லினக்ஸ் மிண்ட் போட்ட உன் லேப்டாப்பில் நுழைய முடியவில்லை, நாளைக்கு அதை மொத்தமாக ஃபார்மட் போட்டுவிடப் போவதாக நேற்று போனில் சொன்னாய். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. கட்டளைகளை வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பியிருக்கிறேன், எழுத்து பிசகாமல் அதைப் பார்த்து அடி. ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முக்கியமான விஷயத்தை நீ கடைசியில்தான் சொன்னாய். பாஸ்வர்ட் அடித்ததும் திரை ஒரு நொடி கறுத்து, திரும்ப லாகின் திரைக்கே வந்துவிடுகிறது. ஆனால் அதே லேப்டாப்பில் உன் ரூம்மேட் அவன் கணக்கில் நுழைந்தால் டெஸ்க்டாப் ஒழுங்காக வருகிறது. சரி, அப்படியென்றால் கிராஃபிக்ஸ் டிரைவரைத் திட்டிப் பயனில்லை. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்து நம் வீடு மட்டும் இருட்டாக இருந்தால் நம் ஃபியூஸ் பெட்டியைத்தானே திறந்து பார்ப்போம்? டிரைவர், திரையில் படம் காட்டும் எக்ஸ் சர்வர், லாகின் திரை எல்லாம் உங்கள் இருவருக்கும் பொது. உனக்கென்று தனியாக இருப்பது, உன் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் ஃபோல்டர். டிஸ்க் நிறைந்திருந்தால்கூட அந்தப் பையனும் மாட்டியிருப்பான்.

சிங்கப்பூரில் நம் ஈசூன் வீட்டுப் பழைய கணினியின் டிஸ்கிலிருந்து உன் ஃபோல்டரை சுடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, உரிமை விவரமெல்லாம் மாறாமல் அப்படியே நகலெடுத்தேன் என்றாயே, என் சந்தேகம் அங்கேதான். ஒரு கோப்பு யாருடையது என்பதை லினக்ஸ் பெயராக எழுதி வைப்பதில்லை, எண்ணாகத்தான் வைக்கிறது. மிண்டில் முதல் கணக்குக்கு 1000, அடுத்ததற்கு 1001. இங்கே பழைய கணினியில் முதல் கணக்கு என்னுடையது, நீ 1001. அங்கே உன் லேப்டாப்பில் நீ 1000, உன் ரூம்மேட் 1001. இப்போது புரிகிறதா? நீ கொண்டுவந்த கோப்புகள் எல்லாம் அவனுடையவை ஆகிவிட்டன! பாவம், அவனுக்கே தெரியாது.

டெஸ்க்டாப் தொடங்கும்போது உன் ஹோமுக்குள் சிலதை எழுதியாக வேண்டும். அதில் எக்ஸ்அத்தாரிட்டி என்று, புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்பு ஒன்று உண்டு. திரையைப் பயன்படுத்த உனக்கு அனுமதி தரும் குக்கி, அதாவது ஒரு ரகசியச் சாவி, அதில்தான் இருக்கும். அதையே நீ தொட முடியாவிட்டால் நீ நுழைந்ததும் தொடங்கும் செஷன் உடனே செத்துப்போகும். பாஸ்வர்ட் தவறு என்று ஒருமுறைகூட வராததற்கும் அதுதான் காரணம். ஃபார்மட் போட்டு, அதே டிஸ்கிலிருந்து அதே மாதிரி நகலெடுத்தால் இதே கோளாறு திரும்ப வரும்.

லாகின் திரையில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்து. கறுப்புத் திரை வரும், அங்கே நுழை. பாஸ்வர்ட் அடிக்கும்போது எதுவும் தெரியாது, பதறாதே. ஹோமுக்குள் போக முடியவில்லை என்று முணுமுணுத்தாலும் விட்டுவிடு. முதல் கட்டளை கோப்புகளை வரிசையாகக் காட்டும், அதில் மூன்றாவது நெடுவரிசையைப் பார். உன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ரூம்மேட் பெயர் இருந்தால் நான் நினைத்தது சரி. இரண்டாவது கட்டளை எல்லாவற்றையும் உன் பெயருக்கு மாற்றும். என்டர் தட்டுவதற்கு முன் ஃபோல்டர் பாதையை நிறுத்தி நிதானமாகப் படி. அங்கே வெறும் சாய்கோடு மட்டும் இருந்தால் முழு சிஸ்டமும் உன் பெயருக்கு வந்துவிடும், சுடோகூட வேலை செய்யாது. அப்புறம் ஃபார்மட்தான் கதி.

பிறகு கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தி லாகின் திரைக்கு வந்து நுழைந்து பார். அப்போதும் வெளியே தள்ளினால், கான்ஃபிக் என்ற மறைவு ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு முயற்சி செய். அழிக்காதே, பெயரை மட்டும் மாற்று. பழைய கணினியின் சினமன் டெஸ்க்டாப் அமைப்புகள் புதியதோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதற்கும் மசியாவிட்டால், பிழைகள் பதிவாகும் எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பின் கடைசி வரிகளைப் படமெடுத்து அனுப்பு. நீ இருக்கும் பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், நான் வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்துவிடுவேன். அப்போது கூப்பிடு.

அம்மா