பூரட்டாதிக்கு நடுவில் ஒரு சூரியன்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள செல்வம்,

இங்கு எல்லாரும் நலம். முட்டிவலி இப்போது தேவலை. தீபாவளிக்கு வர முடியாது என்று நீ எழுதியதுதான் வருத்தம். சரி, கேமரன் மலையில் இருக்கிறவனிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன்.

உன் நட்சத்திரம் பூரட்டாதி அல்லவா? அதன் இரண்டு விண்மீன்களும் பெகசஸ் சதுரத்தின், அதாவது வானில் நான்கு விண்மீன்கள் மூலைகளாக அமைந்த பெரிய சதுரத்தின், மேற்குப் பக்கம். இரவு பத்து மணி வாக்கில் வடக்கே பார்த்து நின்று, தலையை நன்றாக அண்ணாந்து பார். அந்த இரண்டுக்கும் பாதி வழியில், கோட்டுக்குச் சற்று இடப்பக்கம், மங்கலாக ஒன்று இருக்கும். 51 பெகசி. நம் சூரியனைப் போன்றதுதான். 50 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. எங்கள் புளோக் கார் நிறுத்துமிட மேல்தளத்தில் மூன்று இரவு நின்றேன். விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சதுரமே அரைகுறையாகத்தான் தெரிகிறது.

அதை ஒரு கோள் 4.2 நாளில் சுற்றி வருகிறது. வியாழனில் பாதி எடை உள்ள ராட்சதக் கோள்! நம் புதனுக்கே 88 நாள் ஆகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அங்கே இரண்டு வருடம் போயிருக்கும்.

கோளை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அது இழுப்பதால் விண்மீன் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் நம் பக்கம் வருவதும் விலகுவதுமாக ஆடுகிறது. அதற்கேற்ப, அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் மயிரிழை நகர்கின்றன. பிரான்சில் அதை முதலில் கவனித்தவர் திதியே கெலோ, அப்போது ஆராய்ச்சி மாணவர். அவர் முதலில் சந்தேகப்பட்டது தன் கருவியை! செம்பவாங் பட்டறையில் கேஜ் விநோதமாகக் காட்டினால் நாம் என்ன செய்வோம்? கழற்றி, துடைத்து, மறுபடி சரிபார்ப்போம். அவரும் அப்படித்தான். அதற்குள் விண்மீன் சூரியன் பக்கம் போய் மறைந்துவிட்டது. அவரும் பேராசிரியர் மிஷேல் மயோரும் அடுத்து அது எப்படி ஆட வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். 1995 ஜூலையில் திரும்பத் தெரிந்தபோது கணக்கு அப்படியே பொருந்தியது. அக்டோபரில்தான் உலகத்துக்குச் சொன்னார்கள். 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்குப் பரிசைவிட அந்தச் சில மாதப் பொறுமைதான் பெரிதாகப் படுகிறது, செல்வம்.

மழைக்காலம் தொடங்குமுன் பார்த்துவிடு. வெறுங்கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் பைனாகுலரை எடுத்துக்கொள். எந்த இரவு, எத்தனை மணிக்குத் தெரிந்தது என்று மறக்காமல் எழுது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
மாணிக்கம்