மதர்போர்டு மலையேறிய கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் இளைஞர் இணைப்பில் வீட்டிலேயே கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. எந்த பிராசஸர், எந்த கார்டு, எவ்வளவு ரேம் என்பதெல்லாம் தெளிவாகவே இருந்தது. கடைசியில், 'உதிரிபாகங்களை அருகிலுள்ள கடையிலோ ஆன்லைனிலோ வாங்கிக்கொள்ளலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் அக்கா மகனுக்கு வரவில்லை. அந்த ஒரு வரிக்குள் அவனுக்கு நாலு மாதம் போயிருக்கிறது.

நான் கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2004-இல் ஆரம்பித்தபோது அது பிரவுசிங் சென்டர். கோவையில் அசெம்பிள் செய்த ஆறு பென்டியம் 4 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 256 எம்பி ரேம், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் குண்டு மானிட்டர்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய பிக்கப் வண்டியில் சாக்கு விரித்து ஏற்றிக்கொண்டு வந்தோம். அப்போது ரேமோ ஹார்ட் டிஸ்க்கோ போனால் டவுனிலேயே மாற்றித் தர ஆள் இருந்தது. அந்தக் காலம் மலையேறிவிட்டது என்பார்கள். எங்கள் விஷயத்தில் மலையிறங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இன்று இங்கே மவுஸ், பென் டிரைவ், சார்ஜர், பிரிண்டர் மை கிடைக்கும். திரையில் படம் வரவைக்கும் கிராபிக்ஸ் கார்டு என்று கேட்டால் "கோயம்புத்தூர் போங்க" என்று பதில் வரும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வருஷத்துக்கு நாலு பேர் கேட்கிற பொருளை இருபதாயிரம் போட்டு வாங்கி அலமாரியில் வைத்தால், விற்பதற்குள் அடுத்த மாடல் வந்து நிற்கும்.

பையன் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் முதலாண்டு. சீசனில் ஒரு விடுதியில் வேலை பார்த்த பணம், அக்கா சீட்டு எடுத்ததில் கொஞ்சம், என் பங்கு ஒரு பத்து, ஆக அறுபத்தைந்தாயிரம். மானிட்டர் என் கடைப் பழசு. பணம் வர வர ஒவ்வொன்றாக வாங்கினான். செப்டம்பரில் கேபினெட் என்கிற வெளிப்பெட்டியும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது போடுகிற எஸ்எஸ்டியும், தீபாவளி ஆஃபரில் பிராசஸர், நவம்பரில் எல்லாவற்றையும் செருகுகிற மதர்போர்டும் ரேமும். இதில் முதல் அடி ரேமில் விழுந்தது. செப்டம்பரில் நாலாயிரத்துக்குள் பார்த்து வைத்த 16 ஜிபி செட் (எட்டு எட்டாக இரண்டு குச்சி), 'தீபாவளிக்குக் குறையும் சித்தி' என்று அவன் காத்திருந்ததில், நவம்பரில் ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது. மெமரி செய்யும் கம்பெனிகள் எல்லாம் ஏஐ டேட்டா சென்டர்களின் பக்கம் திரும்பிவிட்டதால் வந்த ஏற்றம். கிரூசியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்று வந்ததையே நிறுத்தப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. பச்சைத் தேயிலை விலை மட்டும் ஏன் இப்படி ஏறுவதில்லை என்று அக்கா கேட்டாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆன்லைனில் சொன்ன கிராபிக்ஸ் கார்டு மட்டும் வந்து சேரவில்லை. ஒரு நாள் காலை பதினொன்றே முக்காலுக்கு, 'வாடிக்கையாளர் கதவு பூட்டியிருந்தது' என்று கூரியரிலிருந்து குறுஞ்செய்தி. அந்த நேரத்தில் நான் கடையில் உட்கார்ந்து யாருடைய ஆதார் அட்டைக்கோ லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். கதவு பூட்டவில்லை, கடைக்குக் கதவே இல்லை, ஷட்டர்தான். அடுத்த நாளும் அதே செய்தி. மூன்றாம் நாள் மழையில் மரம் விழுந்து ரோடு அடைத்துக்கொண்டது; அன்றைக்கு மட்டும் அவர்கள் சொன்னது உண்மை. ஒன்று சொல்ல வேண்டும்: 643217 என்ற எங்கள் பின்கோடுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பியது எதுவும் இதுவரை வராமல் போனதில்லை. விற்பவரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டால் சிலர் தபாலில் அனுப்புகிறார்கள்.

கார்டு வரட்டும் என்று பையனால் பொறுக்க முடியவில்லை. இருந்ததை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினான். ஃபேன் சுற்றியது, விளக்கெல்லாம் எரிந்தது. மானிட்டரில் 'சிக்னல் இல்லை'. ரேமைக் கழற்றி மாட்டினான், கேபிளை மாற்றினான், ராத்திரி சாப்பிடவில்லை. போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு, மறுநாள் கேபினெட்டைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, நானும் அவனுமாக மேட்டுப்பாளையம் பஸ் ஏறினோம். பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினெட். கண்டக்டர் பெட்ஷீட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "மீன் தொட்டியாக்கா?" என்றார். அரவேணு, குஞ்சப்பனை என்று ஒவ்வொரு வளைவிலும் அதை மடியில் பிடித்துக்கொண்டு வந்தேன். கோவையில் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காந்திபுரம். மாடிப்படி ஏறிப் போகிற சின்னக் கடை. கடைக்காரத் தம்பி கேட்ட முதல் கேள்வி, "கோத்தகிரியிலிருந்தா? டீத்தூள் கொண்டு வந்தீங்களா?"

பிராசஸர் பில்லைப் பார்த்தார். ஐ5 12400எஃப். "ஏனுங்க்கா, இது எஃப் மாடலுங்க. இதுல உள்ளுக்குள்ள கிராபிக்ஸ் கிடையாதுங்க. கார்டு போடாம படம் எங்கிருந்து வரும்?" என்று தன்னிடமிருந்த பழைய கார்டு ஒன்றைச் செருகினார். இரண்டே நிமிடத்தில் திரை எழுந்தது. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த ஓர் எழுத்துக்காக ஒரு நாள் பிழைப்பும் இரண்டு பேர் பஸ் சார்ஜும் போனது. எஃப் போட்டது கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் என்று எழுதுகிறவர்கள், கார்டு கைக்கு வரும் வரை அது பொம்மைதான் என்பதையும் சேர்த்து எழுதினால் புண்ணியமாகப் போகும்.

ஆனால் அந்தப் பயணம் வீண் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தம்பி திரையைப் பார்த்துக்கொண்டே, "எட்டு ஜிபிதான் காட்டுதுங்க. ரெண்டு குச்சி போட்டிருக்கீங்களே?" என்றார். குச்சிகளை இடம் மாற்றினார், அப்போதும் எட்டுதான். பிராசஸரைத் தூக்கிவிட்டு செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். பிராசஸர் உட்காருகிற இடம்தான் சாக்கெட்; இந்தப் போர்டின் சாக்கெட்டில் 1700 பின் இருக்கிறது, ஒவ்வொன்றும் மயிரிழை. கவாத்து செய்த தேயிலைத் தோட்டம் மாதிரி வரிசை வரிசையாக ஒரே மட்டத்தில் மின்னுகிறது. ஓரமாக ஒரே ஒரு பின் மட்டும் பக்கத்துப் பின் மேல் சாய்ந்து கிடந்தது. அந்தப் பின் ரேமுக்குப் போகிற வழி. அதனால்தான் ஒரு பக்கத்து ஸ்லாட் உயிரில்லாமல் இருந்திருக்கிறது. ஊசி வைத்து நிமிர்த்தலாம், ஆனால் ஒடிந்தால் வாரண்டி கேட்க முடியாது என்று சொல்லி, கை வைக்காமல் மூடிக் கொடுத்துவிட்டார். காசும் வாங்கவில்லை. அடுத்த முறை போனபோது அரைக் கிலோ டீத்தூள் கொண்டு போய்க் கொடுத்தேன்.

விற்றவர், வடநாட்டில் எங்கோ இருக்கும் ஆன்லைன் கடைக்காரர், எதிர்பார்த்த பதிலைத்தான் சொன்னார்: பின் வளைந்தது நீங்கள் மாட்டும்போது நடந்தது, அது வாரண்டியில் வராது. எங்களைக் காப்பாற்றியது, நண்பர்களுக்குக் காட்டுவதற்காகப் பையன் எடுத்து வைத்திருந்த வீடியோ. பெட்டியின் டேப்பை அறுப்பதிலிருந்து சாக்கெட்டின் கறுப்பு மூடியைக் கழற்றுவது வரை ஒரே ஓட்டமாக இருந்தது. நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தச் சாய்ந்த பின் அப்போதே தெரிகிறது. அதை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். ஆன்லைன் வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதையும் புகாரில் எழுதினேன். இருபத்தாறாம் நாள் புதுப் போர்டு வந்தது. வராமல் போயிருந்தால் ஊட்டியில் உள்ள நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவனுடைய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. மலையில் இருக்கிற நமக்கு இது பெரிய விஷயம், பலருக்குத் தெரியவில்லை.

இவ்வளவு பட்டபின் எனக்குத் தோன்றுவது இதுதான். எங்கே ஐந்நூறு ரூபாய் குறைவு என்று தேடுவதை விட, கெட்டுப்போனால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதை நாங்கள் முதலில் பார்க்க வேண்டும். போர்டும், கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸும் காலையில் பஸ் ஏறிச் சாயங்காலம் வீடு திரும்பக்கூடிய ஊரில்தான் வாங்க வேண்டும். கோத்தகிரி, குன்னூர், ஊட்டிக்காரர்களுக்கு அது கோவை. கூடலூர்க்காரர்கள் மைசூரையோ கோழிக்கோட்டையோ பார்ப்பார்கள். போர்டைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லி, மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் சின்னப் பொருள். வழியில் உடையாது, கெட்டாலும் திருப்பித் தபாலில் அனுப்பிவிடலாம். அவற்றை ஆன்லைனில் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிராசஸர் மட்டும் பெட்டியோடு வருகிறதா, பெட்டியில்லாமல் வருகிற 'ட்ரே' பீஸா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ட்ரே பீஸுக்கு விற்பவர் கொடுக்கும் வாரண்டிதான். அவர் கடையை மூடினால் அதுவும் போச்சு. ரேம் வாங்கும் முன் போர்டைப் பாருங்கள். ரேமில் டிடிஆர்4 பழைய தலைமுறை, டிடிஆர்5 புதியது; ஒரே பெயரில் டிடிஆர்4 போர்டும் விற்கிறார்கள், டிடிஆர்5 போர்டும் விற்கிறார்கள். இரண்டு ரேமுக்கும் 288 கால்கள்தான். நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், ஒன்றில் மற்றது ஏறாது.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை குறைவு, அங்கே போய் வாங்குங்கள் என்று பலர் சொல்வார்கள். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிற சாக்கில் வாங்கலாம், தப்பில்லை. "பில் வேணுமா, வேண்டாமா?" என்று கேட்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று வேண்டாம் சொல்லிவிட்டால், பொருள் கெட்டுப்போகிற அன்று அந்தத் தெருவே உங்களை அடையாளம் தெரியாத மாதிரி பார்க்கும். பில்லில் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியதோடு, மைனிங்கில் (கார்டை ஓட்டி அந்த நாணயத்தைச் சம்பாதிப்பதில்) ராப்பகலாக ஓடிய கார்டுகள் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. துடைத்துப் பளபளவென்று வைத்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எஸ்எம்பிஎஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் கை வைத்து மிச்சம் பிடிக்கிறார்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்ததன் மேல் 450 வாட் என்று எழுதியிருந்தது. கையில் எடுத்தால் காலி டிபன் பாக்ஸ் கனம். ஸ்டிக்கரில், கார்டுக்கும் பிராசஸருக்கும் கரண்ட் போகிற 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். இவன் வாங்கிய ஆர்எக்ஸ் 6600 கார்டு மட்டுமே 132 வாட் கேட்கும். பிராசஸர் முறுக்கினால் 117 வரை போகும். கூட்டிப் பார்த்தவுடன் அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, 'பிரான்ஸ்' (Bronze) தர முத்திரை உள்ள 550 வாட் ஒன்றை வாங்க வைத்தேன். எங்கள் ஊரில் காற்றடித்தால் கம்பி மேல் கிளை விழுகிறது, கரண்ட் போய்ப் போய் வருகிறது. மெலிந்த எஸ்எம்பிஎஸ் தானும் போகும், போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

இன்னொன்று, விஷயத்துக்கு வெளியே. மலைக்கு வருகிறவர்களிடம் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைக்கிறார்கள், சந்தோஷம். எங்கள் ஒரு கம்ப்யூட்டருக்கு வந்த குமிழி உறையைச் சேர்த்தால் ஒரு மூட்டை வரும். அதைக் கேட்பார் யாரும் இல்லை.

உங்களிடம் ஒரே கோரிக்கை. அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, எந்த கம்பெனி போர்டுக்கு, எந்த கார்டுக்கு, தமிழ்நாட்டில் எந்தெந்த ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று ஒரு கட்டம் போடுங்கள். விலைப் பட்டியலை விட எங்களுக்கு அது உதவும். கோத்தகிரிக்கு மட்டுமில்லை, கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் இதே பாடுதான்.

பையனின் கம்ப்யூட்டர் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ஓட ஆரம்பித்தது, 16 ஜிபியும் காட்டுகிறது. நான் என் கடையில் ஒரு பழைய கார்டும், ஒரு டிடிஆர்4 குச்சியும், நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே வராத கேபினெட்டை யாராவது கோவைக்கு இறக்குவதாக இருந்தால், போகிற வழியில் கொண்டு வந்து ஒரு தடவை மாட்டிப் பார்க்கட்டும். காசு வேண்டாம். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கடை லீவு.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி,
கோத்தகிரி.