வெள்ளைத் தாள் எங்கே, ஐயாமாரே?

மட்டக்களப்பில் கூடைப்பந்துச் சுற்றுப்போட்டிகளை நடத்துகிற பெரியோருக்கு, வணக்கம்.

போன மாதம் இறுதிப் போட்டிக்கு முன்பு நீங்கள் வைத்த பட்டிமன்றத்துக்கு நானும் வந்திருந்தேன். எல்லாக் காலத்துக்கும் பெரிய கூடைப்பந்து வீரர் அமெரிக்காவின் மைக்கல் ஜோர்டனா, லெப்ரோன் ஜேம்ஸா என்று பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள். ஜோர்டனின் 6 சம்பியன் பட்டம், ஆட்டத்துக்குச் சராசரி 30.1 புள்ளி, 2023 பெப்ரவரி 7ஆம் திகதி லெப்ரோன் கரீம் அப்துல் ஜபாரின் சாதனையான மொத்தம் 38,387 புள்ளிகளைத் தாண்டியது, எல்லாம் திரையில் வந்தது. ஒரு இலக்கம் பிசகவில்லை. என்னால்தான் இருக்க முடியாமல் பாதியில் எழும்பி வந்துவிட்டேன். காரணம் உங்களில் சிலருக்குத் தெரியும்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்புதான் எங்கள் தெரு அண்ணனின் 31ஆம் நாள். எழுபதுகளில் இந்த மாவட்டத்துக்கு ஆடியவர். அப்பா எத்தனை மட்ச் ஆடினார், எந்த வருடம் யாரோடு ஆடினார் என்று, 31ஆம் நாளுக்கு அடிக்கிற நினைவுப் புத்தகமான கல்வெட்டில் போடுவதற்காக அவருடைய மகன் உங்கள் அலுவலகத்துக்கு மூன்று தரம் வந்தார். முதல் நாள் பொறுப்பானவர் இல்லை. இரண்டாம் நாள், பழைய ஸ்கோர் தாளெல்லாம் சுனாமியோடு போய்விட்டது என்றார்கள். மூன்றாம் நாள், 2011 வெள்ளத்தில் நனைந்ததால் எறிந்துவிட்டோம் என்றார்கள். கடைசியில் கல்வெட்டில் வந்தது ஒரே ஒரு வரி: ‘அன்னார் சிறந்த கூடைப்பந்து வீரராகவும் திகழ்ந்தார்.’ அதற்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. கடைசி நேரத்திலாவது ஏதும் கிடைக்கும் என்று மகன் விட்டுவைத்த இடம் அது.

நான் 22 வருடம் மேசையில் ஸ்கோர் எழுதியவன். முதலாம், மூன்றாம் கால்பகுதிக்குச் சிவப்புப் பேனா, மற்றதுக்கு நீலம். மூன்று புள்ளி போட்டால் வீரரின் இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம். ஆட்டம் முடிந்ததும் இளஞ்சிவப்புப் பிரதி வென்றவர்களுக்கு, மஞ்சள் தோற்றவர்களுக்கு, வெள்ளை மூலப் பிரதி உங்களுக்கு. என் கையால் உங்களிடம் தந்த வெள்ளைத் தாள்கள் எங்கே? அதைத்தான் கேட்கிறேன்.

வில்ட் சேம்பர்லெய்ன் 1962 மார்ச் 2ஆம் திகதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி போட்டார் என்று உங்கள் மேடையில் ஒரு பிள்ளை சொன்னது. அந்த ஆட்டத்துக்குப் படச்சுருள் கிடையாது. பார்த்தவர்கள் 4,124 பேர்தான். ஆனாலும் 36 கூடை, 28 தண்ட எறிபுள்ளி என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடிகிறது. மேசையில் ஒருவர் எழுதினார், அதை இன்னொருவர் பத்திரமாக வைத்தார்.

என்னைக் கேட்டால் ஜோர்டனும் இல்லை, லெப்ரோனும் இல்லை, 13 பருவத்தில் 11 பட்டம் வென்ற பில் ரசல்தான். ஆனால் அவர் எத்தனை பந்தைத் தடுத்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் விலகியது 1969இல். இவர்கள் எல்லோரும் ஆடிய அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ. தடுப்புகளை எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில். எங்கள் அண்ணனும் அந்த வகைதான். புள்ளி போடுகிற ஆள் இல்லை, வளையத்துக்குக் கீழே நின்று தட்டிவிடுகிறவர். சின்ன வயதில் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். தட்டிவிட்ட பந்தை எழுத நம் தாளிலும் கட்டம் இல்லை, சரி. அன்றைக்கு முதல் ஐந்து பேரில் அவர் நின்றார், நாலு ஃபவுலோடு கடைசி வரை ஆடினார் என்பதாவது அதில் இருந்திருக்குமே.

இந்த ஊருக்குக் கூடைப்பந்து நேற்று வந்ததல்ல. நியூ ஓர்லியன்சிலிருந்து வந்த யேசு சபைத் துறவிகள் வளர்த்தது. வெபர் அடிகளாரின் பெயர் மைதானத்தில் இருக்கிறது. புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைப் பழக்கிய ஹேபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து வரும் வழியில் காணாமற் போனார். அவரிடம் பழகியவர்களுக்கும் வயது போய்விட்டது, ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். யுத்தமும் கடலும் கொண்டுபோனதை யாரிடமும் கேட்க முடியாது. ஆனால் 2011க்குப் பிறகு எழுதிய தாள்களையும் காணவில்லையே, அதை எந்த வெள்ளம் கொண்டுபோனது? பள்ளிக்கூடம், சனசமூக நிலையம், கோயில் எங்கே போய்ப் பழைய பதிவு கேட்டாலும் இதே பதில்தான். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கோபத்தில் கூடக் குறைய எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. வெள்ளைத் தாள்களை வருடவாரியாகக் கட்டி, பூட்டுள்ள ஒரு அலுமாரியில் வையுங்கள். கேட்டு வருகிறவருக்கு எடுத்துக் காட்டுங்கள். பழைய அணிகளின் வீடுகளில் இளஞ்சிவப்பு, மஞ்சள் பிரதிகள் கிடக்கும், அவற்றையும் கேட்டு வாங்குங்கள். என்னிடம் 14 இருக்கிறது. எடுத்துக்கொண்டு வருகிறேன், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மேசையில் இருந்து ஸ்கோர் எழுதிய ஒருவன்
புளியந்தீவு, மட்டக்களப்பு