ஒற்றர் ஆட்டத்தை இனி நீ நடத்து

அன்புள்ள மகளுக்கு,

பிள்ளைகளோடு பயணம் கிளம்பப் போகிறாய், வழியெல்லாம் நாம் ஆடிய ஒற்றர் ஆட்டத்தின் விதிகள் வேண்டும் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன்.

முதல் சங்கதி, இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்காதே. ‘நான்கு மணிக்கு ஆட்டம்’ என்று அறிவித்தால் அது வெறும் கண்ணாமூச்சியாகச் சுருங்கிவிடும், அரை மணியில் ஒருத்தர் அழுவார். காலையில் தொடங்கி இரவு வரை அது பயணத்துக்கு அடியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பயணம் என்றால் பாதி நேரம் காத்திருப்புதானே. வரிசையில் நிற்பது, ரயில் வரும் வரை உட்கார்ந்திருப்பது, யாரோ ஒருவர் கழிப்பறையிலிருந்து வரக் காத்திருப்பது. அந்த நேரமெல்லாம் ஆட்டத்துக்குத் தீனி.

ஆட்டம் ரொம்பச் சின்னது. உள்ளங்கையில் மறைகிற ஒரு பொருள் போதும். பழைய சட்டைப் பொத்தான் என்றாலும் சரி. காலையில் நீ இரண்டு பேர் காதில் ரகசியமாகச் சொல்லிவிடு: இன்றைக்கு நீங்கள்தான் ஒற்றர்கள். ஒருவரிடம் இருக்கும் பொருள் இரவுச் சாப்பாட்டுக்குள் மற்றவரிடம் போய்ச் சேர வேண்டும். மீதிப் பேர் காவல். யார் ஒற்றர் என்று அவர்களுக்குத் தெரியாது. கைமாறுவதைக் கண்ணால் பார்த்தால் ‘பிடித்தேன்’ என்று சொல்லலாம், ஆனால் ஒரு நாளைக்கு ஒருவருக்கு இரண்டு முறைதான். அந்த வரம்பு இல்லாவிட்டால் உன் தம்பி மாதிரி மூச்சுக்கு முந்நூறு தடவை கத்துவார்கள், காவலுக்கும் மரியாதை இருக்காது.

கைமாற்ற இரண்டு வழி. நேராகக் கொடுப்பது ஒன்று: எதிரெதிரே நடந்து வந்து, தோள் உரசுகிற நொடியில் கைக்குக் கை. இது நெரிசலில்தான் எடுபடும். இன்னொன்று, ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவது. அடுத்தவர் பிறகு வந்து எடுப்பார், இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். நிஜ ஒற்றர்களுக்குப் பிடித்தது இதுதான். வைத்துவிட்டுப் போகும் சேதியைச் சாதாரணப் பொருள் ஒன்றுக்குள் ஒளித்து வைப்பார்கள். 1953-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பேப்பர் போடும் பையன் ஒருவன் கையிலிருந்து விழுந்த ஐந்து சென்ட் நாணயம் இரண்டாகத் திறந்துகொண்டது. உள்ளே எண்கள் வரிசை வரிசையாக இருந்த ஒரு நுண்படம். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. நான்கு வருடம் மண்டையை உடைத்தும் அதைப் படிக்க முடியவில்லை. 1957-இல் சோவியத் ஒற்றர் ஒருவர் கட்சி மாறி வந்து வழி சொன்ன பிறகுதான் படித்தார்கள். இந்தக் கதையைப் பெரியவனிடம் சொல், அப்புறம் பார், கையில் கிடைக்கிற காசையெல்லாம் நகத்தால் நோண்டிக்கொண்டிருப்பான்.

வைத்தாயிற்று என்று எப்படிச் சொல்வது? அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டே சோவியத்துக்கு வேலை பார்த்து 1994-இல் பிடிபட்ட ஆல்ட்ரிச் ஏம்ஸ், வாஷிங்டனில் தெருவோரத் தபால்பெட்டி ஒன்றில் சாக்பீஸால் கோடு போட்டுச் சேதி சொன்னார். நாம் ஊரார் சுவரில் கோடு போட வேண்டாம். பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினால் ‘வைத்துவிட்டேன்’, தொப்பியைக் கழற்றினால் ‘ஆபத்து, இப்போது வேண்டாம்’. இது போதும்.

எழுதித் தர வேண்டுமென்றால் சீசர் முறை. ஜூலியஸ் சீசர் ரகசியக் கடிதங்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக, வரிசையில் மூன்று தள்ளி வரும் எழுத்தை எழுதினார். நமக்கு ஒன்றே போதும், உயிர்க்குறியைத் தொடாமல் மெய்யை மட்டும் வரிசையில் அடுத்ததாக மாற்று. ‘பாலம்’ என்பது ‘மாவய்’ ஆகிவிடும். சின்னவளுக்கு இந்தச் சாக்கில் க ங ச ஞ மனப்பாடமாகும். அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே, பாடம் என்று தெரிந்தால் ஓடிவிடுவாள்.

நம் வீட்டில் சிறந்த ஒற்றர் யார் தெரியுமா? நீ உன்னைத்தான் நினைப்பாய். உன் பாட்டி. அவர் எங்கேயும் ஒளியவில்லை, எங்கேயும் நடக்கக்கூட இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். தண்ணீர் வேண்டுமா, கால் வலிக்கிறதா என்று ஆளாளுக்குப் போய்க் கேட்போம். பொத்தான் கண்ணாடிக் கூட்டுக்குள் வந்ததும் போனதும் ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. உன் தம்பி தூணுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கி நடந்து, ஊரே திரும்பிப் பார்க்கும்படி செய்வான். ஒற்றாடல் அதிகாரத்தில் ஒரு குறளில் வள்ளுவர் கேட்பது மூன்று: பார்ப்பவர் சந்தேகப்படாத உருவம், உற்றுப் பார்த்தால் அஞ்சாத நெஞ்சு, எது வந்தாலும் வெளிவிடாத வாய். மூன்றும் பாட்டியிடம் இருந்தன. ஒளிவது யாருக்கும் வரும். இயல்பாக இருப்பதுதான் பழக வேண்டியது.

இதற்குக் கண்ணிலேயே ஒரு காரணம் இருக்கிறது. நாம் கூர்மையாகப் பார்ப்பது பார்வையின் நடுவில் ஒரு சின்ன வட்டத்தை மட்டும்தான். கையை நீட்டிக் கட்டை விரலைப் பிடித்தால் தெரியும் நகத்தளவு. மற்ற இடமெல்லாம் மங்கல்தான், ஆனால் திடீர் அசைவை அந்த மங்கல் பகுதி சட்டென்று பிடித்துவிடும். ஆகவே ஓடுகிறவன் மாட்டுவான். எல்லோரும் நடக்கும் இடத்தில் சிலையாக நிற்கிறவனும் மாட்டுவான். கூட்டம் என்ன செய்கிறதோ அதையே செய்யச் சொல்.

பின்தொடரும் ஆட்டம் வேண்டுமென்றால் மூன்று பேர் வேண்டும். ஒருவர் இலக்குக்குப் பின்னால், இரண்டாமவர் அவருக்கும் பின்னால், மூன்றாமவர் எதிர்ச்சாரியில். இலக்கு தெருமுனையில் திரும்பினால் முதல் ஆள் திரும்பாமல் நேரே போய்விட வேண்டும், இரண்டாமவர் அந்த இடத்துக்கு வருவார். தொடர்ந்து ஒரே முகம் பின்னால் இருக்காது. இலக்காகப் போகிறவர் கண்ணாடிச் சுவர்களில் பின்னால் வருகிறவர் தெரிகிறாரா என்று பார்த்துக்கொண்டே நடந்தால் தப்பிக்கலாம். சின்னப் பிள்ளைகளோடு இதைப் பூங்காவுக்குள் மட்டும் ஆடு.

இனி, வளைந்து கொடுக்கக் கூடாத விஷயங்கள். ஆட்டம் குடும்பத்துக்குள்தான். வழியில் போகிறவர் யாரையும் பின்தொடரக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, அவர் பேச்சை ஒட்டுக்கேட்கக் கூடாது. அவர் இந்த ஆட்டத்துக்குச் சம்மதம் சொன்னவர் இல்லை. விமான நிலையத்துக்குள் கால் வைத்ததும் ஆட்டம் நின்றுவிட வேண்டும். அங்கே எதையாவது ஒரு மூலையில் வைத்துவிட்டு நகர்ந்தால் பாதுகாப்புக்காரர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துக்கொள்ளவும் கூடாது. தூதரகம், ராணுவ இடம், ஆஸ்பத்திரி, வழிபாட்டு இடம் எல்லாமே அப்படித்தான். சாலையைக் கடக்கும்போதும் ரயில் மேடையின் ஓரத்திலும் யாரும் ஒற்றர் இல்லை, எல்லோரும் பிள்ளைகள். சின்னவள் எப்போதும் ஒரு பெரியவரோடு ஜோடி. ‘ஆட்டம் நிறுத்தம்’ என்று யார் சொன்னாலும், பொய்யாகவே சொன்னாலும், அந்த நொடியே எல்லோரும் அவரிடம் வந்து நிற்க வேண்டும்.

கடைசியாக வயது பார்த்து வேலை கொடு. ஆறு வயதுக்காரிக்கு ரகசியம் வயிற்றில் தங்காது, சிரித்தே காட்டிக்கொடுத்துவிடுவாள். அவளைக் காவலில் போடு. சின்னக் கண்ணுக்கு நமக்குத் தெரியாததெல்லாம் தெரியும். பெரியவன் ‘இதெல்லாம் குழந்தை விளையாட்டு’ என்று முறுக்கிக்கொள்வான். அவனை இரட்டை ஒற்றனாக்கு: காவலில் இருப்பதுபோல் இருந்து ஒற்றருக்கு வேலை செய்யட்டும். முறுக்கெல்லாம் மதியத்துக்குள் போய்விடும். உன் வீட்டுக்காரரை முதல் நாள் தோற்க விடு. அப்பா தோற்றால் பிள்ளைகளுக்கு மறுநாளும் ஆடத் தோன்றும்.

பயணத்தின் பின்பாதியில் நானும் அம்மாவும் வந்து சேர்ந்துகொள்கிறோம் அல்லவா? அம்மா இப்போதே கேட்கிறாள், அவள் ஒற்றரா காவலா என்று. பதிலை எனக்கு மட்டும் அனுப்பு, அவள் போனுக்கு அனுப்பிவிடாதே.

அன்புடன்,
அப்பா