தாயி, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறாயாமே

கோவில்பட்டி
20.1.2025

அன்புள்ள தாயி,

இங்கு நான் நலம். பி.பி. மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டுக்கொள்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறுபடியும் அதற்கொரு சண்டை வேண்டாம். இந்த வருஷம் பனி கொஞ்சம் கூடுதல். மேலவீட்டுக்காரர் சுவரை ஒரு அடி தள்ளிக் கட்டிவிட்டார், அந்தக் கதையை அப்புறம் எழுதுகிறேன்.

பொங்கலன்று மாப்பிள்ளைதான் பேசினார். நீ குளிக்கிறாய் என்றார், கொஞ்ச நேரம் கழித்துத் தூங்குகிறாய் என்றார். ஒரே போனில் இரண்டும். நான் துருவிக் கேட்கவில்லை. பேச்சோடு பேச்சாக, "மாமா, டொராண்டோ குளிரில் உங்கள் மகள் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுக்கிறாள், நானும் பையனும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறோம்" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆபீசில் கொடுத்த பெரிய பதவியை நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டதையும் அவர்தான் சொன்னார். மீட்டிங்கில் பேர் மறந்துபோகிறதாம். யாருக்கு? பன்னிரண்டு வயதில் நம் மருந்துக்கடையில் உட்கார்ந்து எந்த மாத்திரை எந்த ரேக்கில் என்று எனக்கே எடுத்துக் கொடுத்தவளுக்கா?

உனக்கு நாற்பத்தைந்து முடிந்துவிட்டது. நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும். உன் அம்மா இருந்தால் அவள் பேசியிருப்பாள். முப்பத்தெட்டு வருஷம் நாப்கினைப் பேப்பரில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் கையில் கொடுத்தவன் நான். மெனோபாஸ், மாதவிலக்கு நிற்கிற காலம். இந்தச் சொல்லை மகளுக்கு எழுத இத்தனை வரி ஆகிறது.

டாக்டரிடம் போ. அங்கே முதலில் குடும்ப டாக்டர்தானே, அவரிடமே போ. தூக்கம் இல்லாதது, ராத்திரி வேர்ப்பது, மறதி, கோபம், மாதக் கணக்கு முன்பின் ஆவது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிக்கொண்டு போ. (நீ கோபப்படுகிறாய் என்று நான் குறை சொல்லவில்லை. போன மாதம் போனை வெடுக்கென்று வைத்தது மட்டும் கொஞ்சம் வலித்தது.) சினைப்பையில் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் படிப்படியாக இறங்குவதில்லை. இந்த வயதில் ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் விழும். அதனால் ஒருநாள் ரத்தத்தை எடுத்துப் பார்த்து "எல்லாம் நார்மல்" என்றால் நம்பி வந்துவிடாதே. நாற்பத்தைந்துக்கு மேல் உடம்பு சொல்வதைக் கேட்டுத்தான் தீர்மானிப்பார்கள். தைராய்டை மட்டும் பார்க்கச் சொல், அதுவும் இதே மாதிரி ஆட்டம் காட்டும். உடம்பின் சூட்டைக் கவனிக்கிற இடம் மூளையில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அது சின்னச் சூட்டுக்கே பதறி உடம்பெல்லாம் வேர்க்க வைக்கும். மனசு பலவீனம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அம்மா உன் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் கையில் ஈரக் கைக்குட்டையோடு நிற்பாள், கவனித்திருக்கிறாயா? 2003இல் அவளுக்கு நாற்பத்தாறு. அதற்கு முந்தின வருஷம் நடுராத்திரி மொட்டை மாடியில் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நீ "அம்மாவுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்றாய், நான் சிரித்தேன். உனக்கு அப்போது விவரம் தெரியாது. எனக்குத் தெரியும் தாயி. அதை உன்னிடம் சொன்னதே இல்லை.

1999இல் அவளுக்கு ஆபரேஷன் ஆனது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம். கட்டி என்று கர்ப்பப்பையை எடுத்தபோது சினைப்பைகள் இரண்டையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. "பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு" என்று சொன்னவர்களுக்கு நானும் தலையாட்டினேன். மற்றவர்களுக்குப் பல வருஷத்தில் மெல்ல நடக்கிறது அவளுக்கு ஒரே நாளில் நடந்தது, நாற்பத்திரண்டு வயதில். அந்த டாக்டரம்மா ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நம் கடையிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போவாள். நன்றாக இருந்தாள், தூங்கினாள்.

2002 ஜூலையில் பேப்பரில் செய்தி வந்தது. அமெரிக்காவில் பெரிய ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், ஹார்மோன் மாத்திரையால் மார்புப் புற்றுநோய், மாரடைப்பு என்று. அன்று சாயங்காலமே அட்டையை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் மருந்து படித்தவன், எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. கடைக்குச் சீட்டோடு வந்த நாலு பெண்களிடமும் நிறுத்திவிடுங்கள் என்றேன். மிச்ச ஸ்டாக்கை ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பினேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் அப்போது நினைப்பு.

கடையை மூடிய பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அந்த ஆராய்ச்சியில் இருந்தவர்களின் சராசரி வயது 63. உன் அம்மாவுக்கு அன்று 45. நிறுத்தியது ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துச் சாப்பிட்டவர்களின் பிரிவு, அதாவது கர்ப்பப்பை இருப்பவர்களுக்குக் கொடுப்பது. அதில்கூடப் பத்தாயிரம் பேர் ஒரு வருஷம் சாப்பிட்டால் மார்புப் புற்றுநோய் கூடுதலாக 8 பேருக்கு. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்திருந்தது, அது என் கண்ணில் படவே இல்லை. கர்ப்பப்பை எடுத்தவர்கள் ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்ட பிரிவு தனியாக 2004 வரை நடந்தது. அதில் பக்கவாதம் கொஞ்சம் கூடியது, மார்புப் புற்றுநோய் கூடவில்லை. அவளைப் போல் சின்ன வயதில் சினைப்பை போனவர்களுக்கு, தடை ஒன்றும் இல்லையென்றால், இயற்கையாக நிற்கிற வயது வரைக்குமாவது ஹார்மோன் கொடுக்கத்தான் சொல்கிறார்கள். அவளுக்குப் பொருந்தாத செய்தியைப் படித்துவிட்டு அவளுக்கு வேண்டிய மருந்தைப் பிடுங்கினேன்.

2018இல் கிணற்றடியில் வழுக்கியதும் இடுப்பெலும்பு போனதும் நீ வந்து பார்த்தாயே. அறுபத்தொரு வயது, அப்படியொன்றும் பெரிதாக விழவில்லை. ஈஸ்ட்ரோஜன் போனால் எலும்பு வேகமாகக் கரையும். மாத்திரையை நிறுத்தியதால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படுத்தவள் அப்புறம் எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு வருஷமும் "ஏன் அன்னைக்கு நிறுத்துனீங்க" என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதனால் ஹார்மோன் எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எடுக்காதே என்றும் சொல்லவில்லை. ஒரு தடவை நான் தலையிட்டதே போதும். டாக்டரிடம் போய்க் கேள். உனக்குக் கர்ப்பப்பை இருக்கிறது, ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் அதன் உட்சுவர் தடிக்கும், புற்றுநோய்வரை போகலாம், அதனால் புரோஜெஸ்டிரோன் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். தோலில் ஒட்டுகிற பேட்ச், தடவுகிற ஜெல் எல்லாம் இருக்கிறது, மாத்திரையைவிட அவற்றில் ரத்தம் உறைகிற பயம் குறைவு. அறுபதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பிக்கிற பெரும்பாலானவர்களுக்கு நன்மைதான் கூடுதல் என்கிறார்கள். மதுரை அத்தையின் மார்புப் புற்றுநோய் விஷயத்தை மறைக்காமல் சொல். அத்தைக்கு வந்தது என்பதால் மட்டும் உனக்குக் கூடாது என்று ஆகாது, ஆனால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற மேமோகிராம் எடுத்துவிட்டாயா? வேண்டாம் என்று நீ முடிவு செய்தாலும் வேர்வைக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வருகிற கஷாயத்தைக் குடிக்காதே. நட. பால், கேழ்வரகு, மீன் சாப்பிடு. டாக்டரிடம் போ.

அந்தப் பதவி விஷயத்தில் நான் தலையிடவில்லை. ஆனால் தூக்கம் திரும்பிய பிறகு ஒரு தடவை யோசித்துப் பார். உன் அம்மா எட்டாவதுதான், ஆனால் கடைக் கணக்கில் அவள் கண்டுபிடிக்காத தப்பு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட மாட்டேன், உனக்கு எப்போது தோதோ நீ கூப்பிடு. இதைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம், எனக்கும் கூச்சம்தான். "பார்த்தாச்சு" என்று மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல். நீ பேசும்போது நான் சுவர் வழக்கைப் பற்றிச் சொல்கிறேன்.

அன்புடன்
அப்பா

பி.கு. கடலைமிட்டாய் இரண்டு கிலோ, கேழ்வரகு மாவு ஒரு கிலோ பார்சலில் வருகிறது. மிட்டாய் பேரனுக்கு. மாவு உனக்கு, பரணில் போட்டு வைக்காதே.